புண் இல்லாத முதுகு

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் அந்தக் கூடத்துக்கு இரண்டு வாசல். அழுக்குத் துணி ஒரு வாசல் வழியாக உள்ளே வரும், வெளுத்த துணி மறு வாசல் வழியாக வெளியே போகும். நடுவில் சுவர் வைத்து அடைத்த மாதிரி மிஷின்கள் நிற்கும். அழுக்குப் பக்கத்து ஆள் வெளுத்த பக்கம் வருவதென்றால் மேல்சட்டையைக் கழற்றிப் போட்டு, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வர வேண்டும். ஊருக்குப் போவதற்கு முன்னால் ஆறு வருஷம் அவள் வெளுத்த பக்கத்தில் வேலை பார்த்தவள். மூன்று வருஷம் நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்து கேட்டபோது, அழுக்குப் பக்கத்தில்தான் இடம் இருக்கிறது என்றார் மேற்பார்வைக்காரர். சரி என்று கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

பையை அவிழ்த்து மேஜையில் கொட்ட வேண்டும். விரிப்பு ஒரு கூடை, தலையணை உறை ஒரு கூடை, துண்டு ஒரு கூடை. ரத்தக் கறை தனி. விரிப்புக்குள் சில நேரம் கண்ணாடி வரும், பல்செட் வரும். ஒரு தடவை கல்யாண மோதிரம் வந்தது. மற்றப் பெண்கள் மூக்கைக் கட்டிக்கொண்டு விரல் நுனியால் துணியைத் தூக்கிப் போடுவார்கள். அவள் இரண்டு கையாலும் வாரி எடுத்தாள். ஈரத்தின் நிறத்தையும் வாடையையும் வைத்து, அதில் படுத்திருந்தவர் சரியாகத் தண்ணீர் குடிக்கிறாரா இல்லையா என்று அவளால் சொல்லிவிட முடிந்தது. முதுகு படும் இடத்தில் மஞ்சளாக வட்டக் கறை தெரிந்தால், 'திருப்பிப் போடல, புண்ணு வந்துடுச்சு' என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

டீ நேரத்துக்கு இஸ்திரி அக்கா வந்தாள். பெரிய உருளை இஸ்திரியில் விரிப்பை விட்டு எடுப்பது அவள் வேலை. அந்தக் கூடத்தில் தமிழ் பேச அவள் ஒருத்திதான் துணை.

"என்னடி, மகாராணி அழுக்குல உக்காந்துட்டே?"

"எங்க உக்காந்தா என்னக்கா. துணி துணிதானே."

"உன் எடத்துல ஒருத்தி நிக்கிறா பாரு. மூலையப் பிடிடின்னா நடுவுல பிடிக்கிறா. துணியோட சேத்து அவளையும் உருளைக்குள்ள விட்டு மடிச்சு எடுக்கப் போறேன் ஒரு நாளைக்கு." அக்கா பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து ஒரு அவித்த முட்டையை அவள் பக்கம் தள்ளினாள். "ஏர்போர்ட்டுல என்னதான் ஆச்சு? நீயாவது முழுசாச் சொல்லு. உன் வீட்டுக்காரர் சொன்னா பாதியத் தொண்டைக்குள்ளயே வச்சுக்கிறாரு."

"எப்ப போனேன், எப்ப வந்தேன்னு கேட்டாங்க. கூட்டிப் பாத்தாங்க. அஞ்சு வருஷத்துல ரெண்டு வருஷமாவது இந்த நாட்டுக்குள்ள இருந்திருக்கணுமாம். எனக்கு ஒரு வருஷம் எட்டு மாசம்தான் வருதாம்."

"நாலு மாசத்துக்கா இந்தப் பாடு? அந்த ஆபீசர் கத்தினானா?"

"இல்லக்கா. தண்ணி குடிக்கிறீங்களான்னு கேட்டான். நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் இருந்துட்டு அப்புறம்தான் எழுதினான்."

"என்னன்னு?"

"நிரந்தரமாத் தங்கற உரிமை ரத்துன்னு. அப்பீல் பண்ணலாமாம். விசாரணையில தக்க காரணம் சொன்னா விட்டுடுவாங்களாம். அது முடியற வரைக்கும் இருக்கலாம், வேலை பாக்கலாம்."

"காரணத்துக்கா பஞ்சம்? படுத்த படுக்கையாக் கெடந்த மாமனாரை மூணு வருஷம் அள்ளிக் கொட்டிப் பாத்திருக்கே. இன்னும் என்ன, கொம்பு வச்ச காரணமா கேக்கறாங்க?"

"அதுக்குப் பேப்பர் வேணுமாம்."

"பேப்பர் இருக்குல்ல?"

அவள் முட்டையின் ஓட்டைச் சிறுசு சிறுசாக உரித்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கு" என்றாள். "கட்டு கட்டா இருக்கு."

வீடு நாலாவது மாடியில். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், கூடத்தின் கோடியில் சமையல் மேடை. மேடைக்கு மேலே இருந்த அலமாரிக் கதவின் உள்பக்கம் கணவன் காலண்டர் தாள்களை வருஷ வரிசையில் ஒட்டி வைத்திருந்தான். அவள் ஊரில் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிவப்புக் கோடு. இதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும் என்ற நாளைச் சுற்றி ஒரு வட்டம். கோடுகள் வட்டத்தைத் தாண்டியும் போயிருந்தன. நாலு மாதமும் ஒரு நாள் விடாமல், அதே நீளத்தில், அதே சாய்வில் கிழித்திருந்தான். உப்பை எடுக்கக் கதவைத் திறக்கிறபோதெல்லாம் அவள் கண்ணில் அது பட்டது.

மாமனார் விழுந்த செய்தி வந்த அன்று இதே மேடைக்கு முன்னால் நின்றுதான் பேசினார்கள். கணவனுக்குக் குளிர்கிடங்கில் வேலை. நாள் முழுவதும் உறைந்த பெட்டிகளைத் தூக்கித் தூக்கி விரல் கணுவெல்லாம் வெடித்திருக்கும். "நான் போனா என் வேலை போயிடும். உன் வேலை எப்ப வந்து கேட்டாலும் குடுப்பாங்க. ஒரு ஆறு மாசம். அப்பா எழுந்து உக்காந்துட்டா வந்துடு" என்றான். மகளுக்கு அப்போது பதினொரு வயது. தலை பின்னிவிடக் கற்றுக்கொடுத்துவிட்டு அவள் கிளம்பினாள்.

அப்பா எழுந்து உட்காரவில்லை. அப்படியும் வட்டம் போட்ட நாளுக்கு ஒரு வாரம் முன்னால் டிக்கெட் போட்டாயிற்று. பெட்டியும் கட்டியாயிற்று. அன்றைக்குத்தான் மாமனாருக்கு இரண்டாவது தடவை வாதம் இழுத்தது. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்த நாத்தனார் ஓடி வந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நீங்க போனா அப்பா போயிடுவாரு." கணவன் போனில் யோசித்தான். "பாத்துக்கலாம். நாள் கொஞ்சம் முன்னப் பின்ன ஆனா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றான்.

இப்போது மகளுக்குப் பதினைந்து நடக்கிறது. அம்மாவை விட நாலு விரற்கடை உயரம். அந்த நாட்டுப் பாஷையில் வந்த கடிதத்தை அவள்தான் படித்துச் சொன்னாள்.

"இந்த எடத்துல 'போதுமான காரணம்'னு போட்டிருக்கு. இங்க 'குழந்தையின் நலன்'னு போட்டிருக்கு."

"யாரு குழந்தை?"

"நான்தான்."

அன்று மகளின் துணிகளை மடித்து வைக்கப் போனவள் தட்டின் மூலையில் நாப்கின் பொட்டலத்தைப் பார்த்தாள். கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"எப்ப?"

"ரெண்டு வருஷமாச்சு." மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஸ்கூல்ல இருக்கறப்ப. இஸ்திரி பெரியம்மாவுக்குத்தான் போன் பண்ணேன். வந்து கூட்டிட்டுப் போனாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி."

"பண்ணேன். நீங்க தாத்தாவைக் குளிப்பாட்டிட்டு இருந்தீங்க. அப்புறம் கூப்பிடுறேன்னீங்க."

முன்பெல்லாம் நீ, வா, போ என்றுதான் பேசுவாள். இப்போது நீங்க. பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுகிற மாதிரி, டீ வேணுமா உங்களுக்கு என்று கேட்கிறாள்.

இலவச சட்ட உதவி மையத்தில் கிடைத்த வக்கீலம்மா தமிழ்க்காரி. சட்டம் பேசும்போது மட்டும் அந்த நாட்டுப் பாஷைக்குப் போய்விட்டுத் திரும்பி வருவாள். ரோஜா நிற நாடா கட்டிய கோப்பை அவிழ்த்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். சேர்க்கைச் சீட்டு, ஸ்கேன், மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு. முகம் மலர்ந்துகொண்டே வந்தது, ஓர் இடத்தில் நின்றது.

"இது யாரு பேரு?"

கணவன் தொண்டையைச் செருமினான். அவள்தான் சொன்னாள்.

நாத்தனார் புருஷனுக்குப் பெரிய கம்பெனியில் வேலை. அவனுடைய அப்பா அம்மாவுக்கு வைத்தியச் செலவைக் கம்பெனியே ஏற்றுக்கொள்ளும். மாமனார் வாயும் கையும் இழுத்து விழுந்த அன்று, வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு எல்லோருமாகக் கூடிப் பேசி, மாப்பிள்ளையின் அப்பா பேரிலேயே சேர்த்துவிட்டார்கள். அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் திடகாத்திரமான மனிதர். வெயில் மழை எதுவானாலும் குடையோடுதான் நடப்பார். குடைக்காரர் என்றுதான் வீட்டில் பேச்சு. ஆஸ்பத்திரியில் வந்து கட்டிலைப் பார்த்துவிட்டு, "என் பேர்ல இவர் படுத்துக்கிட்டாரு. எனக்கு ஒண்ணுன்னா நான் யாரு பேர்ல படுக்கிறது?" என்று சொல்லிச் சிரித்தார். அவளும் அன்றைக்குச் சிரித்தாள். அவள் ஊர் வந்து சேர்ந்த நாளிலிருந்து, கூட இருப்பவர் கையெழுத்துப் போடும் இடத்தில் எல்லாம் அவள்தான் போட்டாள். உறவு என்ற கட்டத்தில் மருமகள் என்று எழுதினாள். மருமகள்தானே.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினாள்.

"உங்க மாமனார் பேர்ல என்னதான் இருக்கு?"

"இறப்புச் சான்றிதழ் இருக்கு. வீட்டுலதான் உயிர் போச்சு. முதுமைன்னு போட்டுக் குடுத்தாங்க."

"சரி, இதுல முதல் நாலு மாசத்துக்குச் சீட்டு இருக்கு. கடைசியில ரெண்டாவது தடவை வந்ததுக்கு இருக்கு. நடுவுல ரெண்டரை வருஷத்துக்கு ஒண்ணையும் காணோமே. யாரு பேர்லயும் காணோம்."

"நடுவுல ஆஸ்பத்திரிக்குப் போகலைங்க."

"ஏன்?"

"புண்ணு வந்தாத்தானே போவாங்க. ரெண்டு மணிக்கு ஒருக்கா திருப்பிப் போடுவேன். முதுகுல ஒரு புண்ணு வரலைங்க. கடைசிக் குளிப்பாட்டுறப்ப எல்லாரும் பாத்தாங்க. பச்சைப் புள்ள முதுகு மாதிரி இருந்துச்சு."

வக்கீலம்மா பேனாவை எடுத்தாள், எழுதாமல் வைத்துவிட்டாள்.

"இங்க பாருங்க" என்றாள் கணவனைப் பார்த்து. "இந்தக் கோப்பைக் குடுக்கணும்னா உள்ளதை உள்ளபடி சொல்லித்தான் குடுக்கணும். இது எங்க அப்பாதான், இன்னார் பேர்ல இதுக்காகத்தான் சேத்தோம்னு அவரோட மகன் நீங்க சத்தியம் பண்ணிச் சொல்லணும். சொன்னா ஒரு வழி இருக்கு. சொல்லலேன்னா இது வேற ஒரு ஆளோட காகிதம்."

"சொன்னா அந்தக் கம்பெனிக்குத் தெரிஞ்சுடுமா?" என்றான் கணவன்.

"தெரியாதுன்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது."

செய்தி நாத்தனாருக்குப் போக ஒரு நாள் ஆயிற்று. மறுநாள் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்து கைகாலைக்கூடக் கழுவவில்லை, போன் அடித்தது.

"அண்ணி, அண்ணன் சொன்னது நெசமா? அந்தச் சீட்டையெல்லாம் குடுக்கப் போறீங்களாமே."

"வேற என்ன இருக்கு எங்கிட்ட?"

"பதினேழு வருஷமா வேலை பாக்கறாரு அண்ணி. யாரும் ஒரு சொல் சொன்னதில்ல. இது தெரிஞ்சா வேலை மட்டுமா போகும்? கேஸ் போடுவாங்க. தெருவுல தலை காட்ட முடியுமா?"

"இங்க குடுக்கறது அங்க வராது."

"எப்படி வராது? நீங்க அங்க இருந்து பேசறது எனக்கு இங்க கேக்குது. காகிதம் வராதா?"

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அன்னிக்கு நான் பெட்டி கட்டிட்டேன். ஞாபகம் இருக்கா? நீதான் கையைப் பிடிச்சே."

"பிடிச்சேன். இல்லேன்னா சொல்றேன்? பெத்த அப்பனுக்காகப் பிடிச்சேன்."

"உன்னைப் பெத்தவரு. நீ ஞாயித்துக்கிழமை வருவே. ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வருவே. உரிச்சுக்கூடக் குடுக்க மாட்டே."

"குத்திக் காட்டுறீங்க."

"காட்டல. நடந்ததச் சொல்றேன்."

"எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்கு அண்ணி. மாமியார், மாமனார் இருக்காங்க. எல்லாத்துக்கும் அவர் ஒருத்தர் சம்பளம்." நாத்தனாரின் குரல் உடைந்தது, மறுபடி கூடியது. "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இங்க வர்றதுல உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு? அப்பா வீடு சும்மாதானே கெடக்கு. நாங்கெல்லாம் இருக்கோம். ஊர் உலகத்துல எல்லாரும் இங்கதானே இருக்காங்க."

"என் பொண்ணு இங்க இருக்கா."

"அவளையும் கூட்டிட்டு வாங்க."

"அவளுக்குத் தமிழ்ல தன் பேரு எழுதத் தெரியும். அதுக்கு மேல தெரியாது. அங்க வந்து எந்த வகுப்புல உக்காருவா?"

நாத்தனார் சற்று நேரம் அழுதாள். பிறகு, "அண்ணன்கிட்ட குடுங்க" என்றாள்.

கணவன் போனை வாங்கிக் காதில் வைத்து, ம், ம் என்று மட்டும் சொன்னான். மறு கையின் வெடித்த தோலைக் கட்டைவிரலால் உரித்துக்கொண்டே இருந்தான். போனை வைத்த பிறகு அவள் கேட்டாள்.

"என்ன சொல்லப் போறீங்க?"

"கேக்கறப்ப சொல்றேன்."

"இப்ப சொல்லுங்க."

"உள்ளதத்தான் சொல்லுவேன். என்னை என்னன்னு நெனச்சே?"

அவள் நம்பினாள். விசாரணைக்குப் போட்டுக்கொண்டு போக அவனுடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து, காலர் மடங்காமல் கதவில் மாட்டி வைத்தாள்.

விசாரணை அறை பள்ளிக்கூட வகுப்பு மாதிரி இருந்தது. நீதிபதியம்மாவுக்குச் சளி. காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்திருந்தார். அரசாங்கத் தரப்புக்கு ஓர் இளைஞன், சட்டைக் கையை நேர்த்தியாக மடித்து விட்டவன். மொழிபெயர்க்க வந்தவர் வயதான தமிழர். உட்காரும்போது அவளைப் பார்த்து, "பயப்படாம பேசும்மா, நிறுத்தி நிறுத்திப் பேசு" என்றார். மகள் பின் வரிசையில் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். ரோஜா நாடாக் கோப்பு வக்கீலம்மாவின் மேஜையில் இருந்தது.

முதலில் கணவனைக் கூப்பிட்டார்கள். பேர், வேலை, எத்தனை வருஷமாக இங்கே. எல்லாவற்றுக்கும் கணீரென்று சொன்னான். வக்கீலம்மா கோப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"உங்க அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமப் போனப்ப எந்த ஆஸ்பத்திரியில சேத்தீங்க?"

அவன் மேஜை விளிம்பைப் பார்த்தான். வெள்ளைச் சட்டையின் முதுகில் ஒரு திட்டு நனைந்திருந்தது.

"சேக்கலைங்க."

"கேள்வி புரிஞ்சுதா? மறுபடியும் கேக்கறேன்."

"புரிஞ்சுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல. வீட்டுல வச்சுத்தான் பாத்தோம்."

மொழிபெயர்ப்பாளர் அதை அந்தப் பாஷையில் சொன்னார். வக்கீலம்மா கோப்பின் மேலிருந்த கையை எடுத்தாள். நாடாவை அவிழ்க்கவே இல்லை.

அடுத்து அவள் முறை. நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. உங்கள் கணவர் சொன்னது சரியா என்று நீதிபதியம்மா கேட்டார். அவள் திரும்பி மகளைப் பார்த்தாள். மகள் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிதாங்க" என்றாள். "வீட்டுல வச்சுத்தான் பாத்தேன்."

"மூன்று வருடத்துக்கு மேல், ஒரு டாக்டர் கூட இல்லாமலா?"

"ஆமாங்க."

"தினமும் என்ன செய்தீர்கள்?"

அதைச் சொல்ல அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. காலையில் வாய் துடைப்பதிலிருந்து சொன்னாள். கஞ்சியை எந்தப் பதத்தில் கரைத்தால் புரை ஏறாது என்று சொன்னாள். எழுந்திருக்க முடியாதவருக்கு அடியிலிருக்கும் விரிப்பை ஓர் ஆள் தனியாக மாற்றுவது எப்படி என்று சொன்னாள். "மொதல்ல அவரை ஒரு பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். ஈர விரிப்பை அவரு முதுகு வரைக்கும் சுருட்டித் தள்ளணும். காஞ்ச விரிப்பைப் பாதி விரிச்சு மீதியைச் சுருட்டி அதோட ஒட்டி வைக்கணும். அந்தச் சுருட்டு மேல அவரை மெதுவா இந்தப் பக்கம் உருட்டிட்டு, அந்தப் பக்கம் போய் ஈரத்தை உருவிட்டுக் காஞ்சதை இழுத்து விடணும். சுருக்கம் இருக்கக் கூடாது. ஒரு சுருக்கம் ஒரு புண்ணு." சொல்லும்போது கைகள் தாமாக மேஜையை நீவின. நீதிபதியம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தக் கைகளைப் பார்த்தார்.

இளைஞன் எழுந்தான்.

"இங்கே எங்கே வேலை பார்க்கிறீர்கள்?"

"ஆஸ்பத்திரித் துணி வெளுக்கற எடத்துல."

"எத்தனை வருடமாக?"

"ஊருக்குப் போறதுக்கு முந்தி ஆறு வருஷம். இப்ப மறுபடியும்."

"அப்படியானால் இப்போது சொன்னதையெல்லாம் அங்கேயே தெரிந்துகொண்டிருக்கலாம், இல்லையா?"

இதைத் தமிழில் சொல்லும்போது மொழிபெயர்ப்பாளரின் குரல் தணிந்தது.

"அங்க விரிப்பு மட்டும்தாங்க வரும்" என்றாள் அவள். "ஆள் வர மாட்டாங்க."

இளைஞன் லேசாகச் சிரித்தான், கெட்ட சிரிப்பு இல்லை. "நீங்கள்தான் அவரைப் பார்த்துக்கொண்டீர்கள் என்பதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா?"

"கடைசி வரைக்கும் அவரு முதுகுல ஒரு புண்ணு இல்லைங்க."

"அதற்கு ஆதாரம்?"

"இல்லாததுக்கு எப்படிங்க ஆதாரம் குடுக்கறது?"

மொழிபெயர்ப்பாளர் அதை இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார். நீதிபதியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, போதும் என்று தலையசைத்தார்.

வெளியே நடையில் வக்கீலம்மா கோப்பை அவளிடம் நீட்டினாள். கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மகள் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"அவ என் கூடப் பொறந்தவ" என்றான் கணவன்.

"தெரியும்."

"நீ ஏன் நான் சொன்னது பொய்யின்னு சொல்லல?"

"சொல்லியிருந்தா உங்களையும் சேத்து அனுப்பிடுவாங்க. அவ யாருகூட இருப்பா?"

அவன் சுவரில் சாய்ந்து நின்றான். பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று வரிசையில் உட்கார்ந்து வந்தார்கள்.

பத்தொன்பதாம் நாள் கடிதம் வந்தது. படித்துச் சொல் என்று அவள் மகளிடம் நீட்டினாள். மகள் நின்றபடியே படித்தாள். மடித்தாள்.

"முப்பது நாளும்மா" என்றாள். "நீ குடுத்த பதில் நல்ல பதில்னு எழுதியிருக்காங்க. ஆனா போதாதாம்."

வேலையில் கடைசி நாள். மேற்பார்வைக்காரர் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து இஸ்திரி அக்கா நடுக்கதவைத் திறந்தாள்.

"வாடி இந்தப் பக்கம்."

"யாராவது பாத்தா?"

"பாத்தா உன்னை என்ன பண்ணிடுவாங்க? நாட்டை விட்டுத் துரத்திடுவாங்களா? கையைக் கழுவிட்டு வா."

முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, வெள்ளை மேல்சட்டை மாட்டிக்கொண்டு போனாள். உருளைக்கு முன்னால் இந்த முனையில் அவள், அந்த முனையில் அக்கா. விரிப்பின் மூலைகளைப் பிடித்து, ஒரு உதறு உதறி, ஒரே நேரத்தில் உருளைக்குக் கொடுத்தார்கள். ஆவி முகத்தில் அடித்தது. நாற்பது விரிப்பு. முடிந்ததும் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "ஆவி. கண்ணெல்லாம் எரியுது." பிறகு, "உன் பொண்ணைப் பத்திக் கவலைப்படாதே. வாரா வாரம் போய்ப் பாக்கறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்துக் கொடுத்தாள். கணவன் சன்னல் பக்கம் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான். போன் அடித்தது. கை ஒழியவில்லை என்று மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, லெட்டர் வந்துச்சாமே. அண்ணன் சொன்னாரு. எனக்கு மனசே கேக்கல."

"ம்."

"சாப்பிட முடியல அண்ணி, சத்தியமா." நாத்தனார் கொஞ்சம் நிறுத்தினாள். "இங்கயும் நெலம சரியில்ல. எங்க மாமனாரு விழுந்துட்டாரு."

"யாரு, குடைக்காரரா?"

"முந்தாநேத்து கடைக்குக் கிளம்பினவரு, வாசப்படியிலேயே விழுந்துட்டாரு. வாய் கோணிப் போச்சு. கை கால் வரல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா, இந்தப் பேர்ல ஏற்கெனவே வாதத்துக்குப் பாத்திருக்கே, பழைய சீட்டெல்லாம் எங்க, அப்ப யாரு கூட இருந்து பாத்துக்கிட்டது, அவங்க வரட்டும்னு கேக்கறாங்க. இவரு முழிக்கிறாரு. சீட்டெல்லாம் உங்ககிட்டதானே அண்ணி இருக்கு?"

அவள் அடுத்த சேலையை வாங்கிப் பெட்டியில் வைத்தாள்.

"எப்படியும் வர்றீங்கதானே. வர்றப்ப மறக்காம எடுத்துட்டு வந்துடுங்க. மருமகள்னு எல்லாத்துலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு. நீங்க வந்து நின்னாத்தான் நம்புவாங்க. வந்தப்புறம் கூட ஒரு ஆள் இருந்தா எனக்கும்…"

கணவன் நகவெட்டியைச் சன்னலில் வைத்தான். எழுந்து போய் அலமாரியின் மேல் தட்டிலிருந்து ரோஜா நாடா கட்டிய கோப்பை எடுத்தான். ஓரத்தைத் தட்டிச் சமன் செய்தான். யார் முகத்தையும் பார்க்காமல் பெட்டியில் சேலைகளின் மேல் வைத்தான்.

மகள் அந்தக் கோப்பைப் பார்த்தாள். கையிலிருந்த சேலையை மடிக்காமல் தரையில் வைத்துவிட்டுப் படுக்கையறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

"அண்ணி? லைன்ல இருக்கீங்களா?"

அவள் தரையில் கிடந்த சேலையை எடுத்தாள். சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினாள்.

"எந்தப் பக்கம்?" என்றாள்.

"என்ன அண்ணி?"

"வாதம். எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"ஒரே பக்கமாப் போட்டு வைக்காதே. விரிப்புல சுருக்கம் இல்லாமப் பாத்துக்க. ரெண்டு மணிக்கு ஒருக்கா திருப்பிப் போடணும்."

"யாரு அண்ணி திருப்பறது?"

அவள் சேலையை நாலாக மடித்து, கோப்பின் மேல் வைத்து, பெட்டியை மூடினாள்.